நான் கண்ட ஒளி

நமது மன்ற இதழுக்கு ஏதேனும் எழுதித் தருமாறு செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். எனக்குக் கவிதை வராது. சங்க இலக்கியத்தில் நுழைந்து ஆராயும் அளவுக்குப் படிப்பும் இல்லை. "உங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னதான் செய்கிறீர்கள், அதை எழுதுங்களேன்" என்றார் அவர். செய்ததை எழுதுவதென்றால் செய்த தவற்றையும் எழுதத்தான் வேண்டும். அதற்கு இசைவானால் எழுதுகிறேன் என்றேன். இசைந்தார். ஆகவே நண்பர்களே, இதில் வரும் பிழைகளுக்கு நான் பொறுப்பு. இதை வெளியிட்டதற்கு அவர் பொறுப்பு.

எங்கள் வீடு ஈஜிபுராவில் இருக்கிறது. கோரமங்களாவின் பெரிய கடைவீதிகளைத் தாண்டி நாலடி வைத்தால் எங்கள் தெரு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே குழாயடியில் சண்டையிட்டு, ஒரே குழாயடியில் சமாதானமும் ஆகும் தெரு அது. அப்பா தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். 1997-ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அருகில் அடுக்குமாடி வீடுகள் எழும்பின அல்லவா? அங்கே சித்தாளாகச் செங்கல் சுமந்துதான் தொழில் கற்றார். இன்று அவர் கொத்தனார். மேஸ்திரி என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

அப்பாவின் பையில் எப்போதும் ஒரு ரசமட்டம் இருக்கும். சிறு வயதில் எனக்கு அதுதான் பொம்மை. கண்ணாடிக் குழாய்க்குள் ஓடும் அந்தக் குமிழியை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் எங்கள் வீட்டுத் திண்ணைமேல் அதை வைத்து, "அப்பா, குமிழி நடுவில் நிற்கிறது, திண்ணை சரியாக இருக்கிறது" என்று கத்தினேன். அவர் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ரசமட்டத்தை எடுத்துத் தலைமாற்றி, வலப்பக்கம் இருந்த முனை இடப்பக்கம் வரும்படி அதே இடத்தில் வைத்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடிவிட்டது.

"பார்த்தியா கண்ணு? திண்ணையும் கோணல், மட்டமும் கோணல். ரெண்டு கோணலும் சேர்ந்து நேருன்னு சொல்லிச்சு."

அந்த மட்டம் முந்தைய வாரம் சாரத்திலிருந்து விழுந்து அடிபட்டதாம். அன்றே புதியது வாங்கினார். 2007-இல் எங்கள் பகுதியில் ஏழைகளுக்கெனக் கட்டப்பட்டிருந்த குடியிருப்பில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. எனக்கு அப்போது நான்கு வயது. புழுதியும், அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடியதும் மட்டும் நினைவில் இருக்கின்றன. அதன் பிறகு அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது, வாடகை வீடாயிற்றே என்றும் பாராமல், ஒவ்வொரு சுவரையும் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். வீட்டுக்காரர் சிரிப்பார். அப்பா சிரிக்கமாட்டார்.

இனி என் வேலைக்கு வருகிறேன். நம் உடலின் ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் இரட்டை வடம் இருப்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அதன் அகலம் 2 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். அந்த வடத்தில் எழுதியிருப்பதைப் படிப்பது எப்போது, படிக்காமல் மூடி வைப்பது எப்போது என்று தீர்மானிப்பவை சில புரதங்கள். அவை வடத்தின்மேல் குறிப்பிட்ட ஓர் எழுத்துத் தொடரைத் தேடிப் பிடித்து உட்காருகின்றன. நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவின் வடத்தில் ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்திணைகள் உண்டு. அவற்றுள் இருபது எழுத்து நீளமே உள்ள ஒரு முகவரியை ஒரு புரதம் தவறாமல் கண்டுபிடிக்கிறது. மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இறங்கி ஈஜிபுராவில் ஒரு வீட்டைக் கேட்டுக் கேட்டு அடைந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

அப்படிப்பட்ட அடக்கிப் புரதம் ஒன்றை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும். அது 1966-இல். பிரித்தெடுத்தால் போதுமா? புரதம் தன் இடத்தில் எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது, எவ்வளவு நேரம் உட்காருகிறது, எத்தனை புரதம் இருந்தால் பாதி இருக்கைகள் நிரம்பும் என்பவற்றை எண்ணிக்கையாகச் சொன்னால்தான் விஞ்ஞானம். முதலில் ஒருவகை வடிதாளில் வடித்துப் பார்த்தார்கள். தாள் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், வெறும் டி.என்.ஏ. கீழே இறங்கிவிடும். 1981-இல் கூழ் முறை வந்தது. மின்சாரம் பாய்ச்சிய கூழினூடே டி.என்.ஏ.யை ஓடவிட்டால், புரதத்தைச் சுமந்த டி.என்.ஏ. பின்தங்கும். மூட்டை சுமப்பவன் கூட்டத்தில் பின்தங்குவதில்லையா, அப்படித்தான். இன்றும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் வாரம் ஒருமுறை இந்தக் கூழ் ஓடுகிறது. ஆனால் கூழ் ஓடி முடியும் வரை ஒரு மணி, இரண்டு மணி என்று காத்திருக்க வேண்டும். அதற்குள் சில புரதங்கள் எழுந்து போய்விடும். உட்கார்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும் என்ற ஆசை அதனால்தான் பிறந்தது.

அந்த ஆசையைத் தீர்க்க வந்த கருவிகள் டி.என்.ஏ.யாலேயே செய்யப்பட்டவை. எழுதிய ஓலையையே அளவுகோலாக மடித்துக்கொள்வது போன்றது இது. இந்தக் கலைக்கு வழிகாட்டியவர் நெட் சீமன். 1982-இல் அவர் வெளியிட்ட கருத்திலிருந்து இது வளர்ந்தது. 2006-இல் பால் ராத்மண்ட் ஒரு நீண்ட இழையைச் சிறு சிறு இழைகளால் தைத்து, காகிதம் மடிப்பதுபோல் விரும்பிய வடிவமெல்லாம் செய்து காட்டினார். அவர் செய்த வடிவங்களுள் சிரிக்கும் முகமும் ஒன்று!

இதெல்லாம் கடல் கடந்த கதை என்று எண்ணிவிட வேண்டா. டி.என்.ஏ. கருவியை உயிருள்ள அணுவுக்குள் அனுப்பி அளந்து காட்டிய பெருமை நம் பெங்களூருக்கு உண்டு. யமுனா கிருஷ்ணன் என்ற பெயரை இதைப் படிக்கும் வேதியியல் மாணவர்கள் அறிந்திருப்பார்கள். கேரளத்தில் பிறந்து, சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் 1993-இல் பட்டம் பெற்று, இங்கே இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றவர். கேம்பிரிட்ஜில் சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியனிடம் பணியாற்றித் திரும்பி, 2005-இல் பல்லாரி சாலையிலுள்ள தேசிய உயிரியல் மையத்தில் சேர்ந்தார். சைட்டோசின் எழுத்து மிகுந்த இழைக்கு ஒரு குணம் உண்டு: அமிலம் கூடினால் தனக்குள்ளேயே மடிந்துகொள்ளும். அந்தக் குணத்தை வைத்து அவரும் அவர் குழுவினரும் சாமணம் போன்ற ஒரு சிறு பொறியைச் செய்தார்கள். அமிலத்தில் அது மூடும். அமிலம் குறைந்தால் திறக்கும். இரு முனைகளில் இரு நிறச் சாயங்கள் இருப்பதால், மூடியதா திறந்ததா என்பதை ஒளியின் நிறமே சொல்லிவிடும். 2009-இல் பழ ஈயின் அணுக்களுக்குள் அதைச் செலுத்தி அமில அளவைப் படித்தார்கள். 2011-இல் உயிருள்ள சிறு புழுவுக்குள்ளும் அது வேலை செய்தது. 2013-இல் அவருக்குப் பட்நாகர் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். முதலாண்டு மாணவியாக இருந்தபோது ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி அந்த மையத்தில் ஒரு பொதுச் சொற்பொழிவு கேட்கப் போயிருக்கிறேன். 2017-இல் தொடங்கிய எங்கள் பகுதி மேம்பாலம் ஆண்டுக்கணக்கில் வெறும் தூண்களாகவே நின்ற காலம் அது. அந்தத் தூண்களைத் தாண்டவே பஸ்ஸுக்கு முக்கால் மணி ஆயிற்று. சொற்பொழிவில் பாதிதான் கேட்டேன். அந்தப் பாதிதான் என்னை இந்தத் துறைக்குள் தள்ளியது.

அமிலத்தை அளக்கும் பொறியால் புரதத்தையும் அளக்கலாமா? அளந்திருக்கிறார்கள். இரண்டு எடுத்துக்காட்டுக்கள் சொல்கிறேன். இரண்டாவதுதான் என் கதைக்கு வேண்டியது. 2016-இல் ஜெர்மனியில் டி.என்.ஏ.யை மடித்து ஒரு கவ்வி செய்தார்கள். அதன் இரு தாடைகளுக்கிடையே ஓர் இழை நாண்போல் கட்டப்பட்டிருக்கும். நாணைக் குட்டையாக்கினால் இழுவிசை கூடும், நீளமாக்கினால் குறையும். அந்த விசை சில பிக்கோநியூட்டன். ஓர் ஆப்பிளின் எடை ஏறக்குறைய ஒரு நியூட்டன் என்றால், அதில் இலட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோநியூட்டன். மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடத்தில் வந்து உட்காரும் ஒரு புரதம், தான் உட்காரும் வடத்தை வெகுவாக வளைத்துவிடும் இயல்புடையது. நாணின் இழுவிசை கூடக்கூட அந்த வளைவு அரிதாகிறது என்பதை அந்தக் கவ்வி காட்டியது. இழுத்துக் கட்டிய கயிற்றை வளைப்பது கடினம் என்பது நமக்குத் தெரியாததன்று. ஒரே ஒரு புரதத்தின் அளவில் அதை எண்ணிக்கையாகக் கண்டதுதான் புதுமை.

இன்னொன்று 2011-இல் வந்தது. இதை விளக்கு என்பார்கள். ஒரே டி.என்.ஏ. இழை இரண்டு விதமாக மடியத்தக்கது. ஒரு மடிப்பில் ஒரு முனையிலுள்ள சாயமும், அதன் ஒளியை விழுங்கும் இன்னொரு பொருளும் அருகருகே இருக்கும், அப்போது இருட்டு. இன்னொரு மடிப்பில் அவை விலகி நிற்கும், அப்போது ஒளி. புரதம் உட்காரும் முகவரி இந்த ஒளி தரும் மடிப்பில் மட்டுமே முழுமை பெறும். ஆகவே புரதம் வந்து உட்கார உட்கார, இழைகள் ஒவ்வொன்றாக ஒளிப்பக்கம் சாய்கின்றன. கூழும் வேண்டா, காத்திருப்பும் வேண்டா. கிண்ணத்தின் ஒளியைப் படித்தால் எத்தனை இருக்கைகள் நிரம்பின என்று தெரிந்துவிடும்.

கடந்த ஆண்டு என் கோடை வேலை இதுதான். பாக்டீரியாவின் ஓர் அடக்கிப் புரதத்துக்கு ஒரு விளக்கு செய்வது. நான் வேலை செய்த ஆய்வுக்கூடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. மே மாதம் தொடங்கினேன். ஜூன் மூன்றாம் வாரத்தில் விளக்கு எரிந்தது.

அந்த மாலையை எப்படிச் சொல்வேன்! பன்னிரண்டு கிண்ணங்களில் புரதத்தைப் படிப்படியாகக் கூட்டி ஊற்றி, இருபது நிமிடம் வைத்து, கருவியில் படித்தேன். புரதம் இல்லாத கிண்ணத்தில் இருட்டு. அடுத்ததில் சிறு மினுக்கு. அதற்கடுத்ததில் இன்னும் சிறிது. கடைசி இரண்டிலும் ஒளி ஏறக்குறைய ஒன்றாகி நின்றது. வரைபடம் போட்டால், பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே ஏறி வளைந்து தட்டையாகும் கோடு! வீட்டுக்குப் போய் அப்பாவிடம் காட்டினேன். அவருக்குக் கோடு புரியாது. என் முகம் புரிந்தது. மறுநாள் தெருமுனை டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது: மேஸ்திரி மகள் ஏதோ கண்டுபிடித்துவிட்டாள். துறையின் ஆண்டுக் கருத்தரங்கில் என் பெயர் அச்சாகியது. பத்து நிமிடம் பேச வேண்டும். வீட்டாரையும் அழைத்து வரலாம் என்றார்கள்.

கருத்தரங்குக்கு எட்டு நாள் இருக்கையில் ஆய்வுக்கூடத்து மூத்த மாணவி ஒருவர் என் கோட்டைப் பார்த்தார். நான் அவரை அக்கா என்றுதான் அழைப்பேன், ஓசூர்க்காரர்.

"இது இறங்குமா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "ஏறுவதைப் பார்த்தாய். இறங்குவதைப் பார்த்தாயா? அதே முகவரி உள்ள சாதா டி.என்.ஏ.யை, சாயம் இல்லாததை, நிறையக் கொட்டு. புரதம் உட்கார்ந்திருந்தால் எழுந்து அதன்மேல் போய் உட்காரும். விளக்கு அணைய வேண்டும்."

இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். முகவரியில் எழுத்துக்களை மாற்றிய இன்னொரு விளக்கையும் செய்து, அது எரியாமல் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். சாயம் பூட்டிய இழைக்கு விலை அதிகம். வந்து சேரவும் வாரங்கள் ஆகும். அதனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சாதா டி.என்.ஏ.க்கு விலை அதிகமில்லை. அதை விட்டதற்குச் சாக்கு ஏதுமில்லை. நல்ல கோடு கிடைத்தபின் அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்றிரவே கொட்டினேன். விளக்கு அணையவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தேன், அப்போதும் அணையவில்லை. அதைவிட மோசமான ஒன்றையும் கண்டேன். சாதா டி.என்.ஏ. ஊற்றாத கிண்ணங்களை இருபது நிமிடத்தோடு நிறுத்தாமல் தொடர்ந்து படித்தபோது, ஒளி எங்கும் நிற்காமல் ஏறிக்கொண்டே போயிற்று. உட்கார இடம் நிரம்பினால் ஏற்றம் நிற்க வேண்டுமே! மறுநாள் கூழில் ஓட்டிப் பார்த்தோம். என் அழகிய இழைகள் துண்டு துண்டாகக் கிடந்தன.

நடந்தது இதுதான். புரதத்தைப் பாக்டீரியாவிலிருந்து எடுத்தபோது, டி.என்.ஏ.யை வெட்டும் நொதியும் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. நான் சரியாகத் தூய்மை செய்யவில்லை. வெட்டுப்பட்ட இழையில் சாயம் ஒரு பக்கம் போகும், ஒளி விழுங்கி மறுபக்கம் போகும். பிரிந்தால் ஒளிதானே! புரதக் கரைசல் கூடினால் வெட்டும் நொதியும் கூடுகிறது. ஆகவே ஒளியும் கூடுகிறது. கடைசி இரண்டு கிண்ணங்களில் வெட்ட இழையே மிஞ்சவில்லை. ஆகவே கோடு தட்டையாயிற்று. நான் அளந்தது பிடிப்பை அன்று. வெட்டை அளந்து, அதற்குப் பிடிப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

எட்டு நாளில் ஒரு நாள் போயிற்று. உடன் படிக்கும் தோழன் ஒருவன், நல்ல எண்ணத்தோடுதான், ஒரு யோசனை சொன்னான். "இருபது நிமிடக் கோட்டை மட்டும் காட்டு. முதற்கட்ட முடிவு என்று சொல். பத்து நிமிடத்தில் யார் கேட்கப்போகிறார்கள்?" அவன் சொன்னது உண்மை. யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்தக் கோட்டில் ஒரு புள்ளியும் பொய்யில்லை. கருவி காட்டிய எண்கள்தாம் அத்தனையும். இரண்டு நாள் அந்த யோசனையை மனத்தில் வைத்துக்கொண்டு நடமாடினேன். மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்க இந்தக் கருத்தரங்கைக் காட்டலாம் என்ற நினைப்பும் இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் நாள் இரவு சாப்பிடும்போது அப்பா, கருத்தரங்கன்று வேலைக்குப் போகப்போவதில்லை என்றார். ஒரு நாள் கூலி போகும். புதுச்சட்டை எடுத்து வைத்திருந்தார். என்னால் அதற்குமேல் சோறு இறங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நொதி என்றால் என்னவென்று சொல்லாமல், எலி கயிற்றைக் கடித்துவிட்டது என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"திருப்பி வச்சுப் பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன். ஓடிவிட்டது."

"அப்ப அதைத்தான் சொல்லணும்" என்று கை கழுவ எழுந்துவிட்டார். அம்மாதான் சிறிது நேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், டீக்கடையில் என்ன சொல்வது என்று.

கருத்தரங்கில் முதல் கோட்டையும் காட்டினேன். துண்டு துண்டான கூழையும் காட்டினேன். கைகள் நடுங்கியதால் படத்தைச் சுட்டும் ஒளிப்புள்ளி திரையெங்கும் ஆடிற்று. பேசி முடித்ததும் சில விநாடி அமைதி. பின் வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர் எழுந்து, தம் மாணவர் ஒருவரின் அளவையிலும் இப்படி நிற்காத ஏற்றம் இருப்பதாகவும், எந்த நிலையில் நொதி வந்து சேர்ந்திருக்கலாம் என்றும் கேட்டார். ஐந்து நிமிடம் அதைப் பற்றியே பேச்சு நடந்தது. பரிசு வேறொருவருக்குப் போயிற்று. அவர் வேலை நல்ல வேலை. அப்பா கடைசி வரிசையில் புதுச்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்தில் நடந்த எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது. காபி இடைவேளையில் மண்டபத்துத் தூண் ஒன்றைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் முழுவதும் புரதத்தை மீண்டும் எடுத்தேன். இம்முறை தூய்மை செய்யும் படி ஒன்று கூடுதல். ஒவ்வொரு படிக்குப் பின்னும், வெட்டு நொதி இருக்கிறதா என்று ஒரு துண்டு டி.என்.ஏ.யை இரவு முழுதும் ஊறவைத்துக் கூழில் பார்த்தேன். மூன்றாம் முறைதான் துண்டு முழுசாக வந்தது. அந்தப் புரதத்தை விளக்கில் ஊற்றியபோது வந்த ஒளி, முதல் ஒளியில் பாதிகூட இல்லை. ஆனால் சில நிமிடங்களில் ஏறி நின்றது. சாதா டி.என்.ஏ.யைக் கொட்டினேன். மெல்ல மெல்லத் தொடக்க அளவுக்கு அருகில் வந்தது. அக்கா என் தோள்மேல் கையை வைத்துக்கொண்டு கடைசி எண் வரை பார்த்தார்.

இன்னும் வேலை இருக்கிறது. புரதக் கரைசலோடு சேர்ந்து வரும் உப்பும் இழையின் மடிப்பைக் கொஞ்சம் மாற்றக்கூடும். அதன் பங்கைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். எழுத்து மாற்றிய விளக்குக்கு இப்போது எழுதிப் போட்டிருக்கிறோம். வந்ததும் அதை எரியவைக்க முயல்வேன், எரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டே.